படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து எதற்கு?

திருமலைப் பெருமாளுக்கே கடன் உண்டு. பத்மாவதித் தாயாரை மணம் முடிக்கக் குபேரனிடம் கடன் வாங்கினார், கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறார் என்பது தலபுராணம். தெலுங்கு மக்கள் அவரை 'வட்டிகாசுலவாடு' என்றே செல்லமாக அழைப்பார்கள். அந்தத் திருக்கலியாணம் நடந்ததாகச் சொல்லப்படும் நாராயணவனம், புத்தூரை அடுத்து, நம் கார்வேட்டிநகரத்துக்கு அதிக தூரமில்லாமல் இருக்கிறது. அந்தக் கடனில் ஒரு விசேஷம் உண்டு. பத்திரம் எழுதி, தேவர்களைச் சாட்சி வைத்து, அசல் இவ்வளவு, வட்டி இப்படி என்று பேசி முடித்த பிறகே பெருமாள் பணத்தைத் தொட்டார் என்கிறது கதை.

நம்மவர்கள் வாங்கும் கடனிலும் பத்திரம் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கங்களில் தறி வேலை, கட்டட வேலை, கடை வேலை, அலுவலக வேலை என்று வாழும் தமிழர் பலர். தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் உண்டு, பிழைப்புக்காக வந்தவர்களும் உண்டு. சந்தையிலும் பஸ்ஸிலும் தெலுங்கில் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேசத் தெரிந்த தெலுங்கு வேறு, படிக்கத் தெரிந்த தெலுங்கு வேறு. கடன் கொடுக்கும் கம்பெனி நீட்டுகிற தாள் தெலுங்கில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் இருக்கும். பத்து இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, "இங்கே போடுங்கள், இங்கே போடுங்கள்" என்பார்கள். நம்மவரும் பணம் கைக்கு வந்தால் போதும் என்று போட்டுவிடுவார். வில்லங்கம் அங்கேதான் பிறக்கிறது.

இதற்குச் சட்டத்தில் வழியில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் சிலரே.

2024 ஏப்ரல் 15-ல் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், பாங்குகளும் நிதிக் கம்பெனிகளும் தனிநபருக்குப் புதிதாகக் கடன் கொடுக்கும்போது, 'முக்கிய விவரக் குறிப்பு' என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். வட்டி, கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து, ஆண்டுக்கு நூற்றுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்ற ஒரே எண்ணிக்கையை அதில் காட்ட வேண்டும். தவணை அட்டவணையும், புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணம் எதையும் பிறகு நம் சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது.

இதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, அந்தத் தாள் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மாநிலத்தின் ஆட்சிமொழியில் இருந்தால் போதும் என்று உத்தரவு சொல்லவில்லை. கார்வேட்டிநகரத்துத் தமிழருக்குப் புரியும் மொழி தமிழ்தான். இரண்டாவது, ஒரு வாரமோ அதற்கு மேலோ தவணையுள்ள கடன் என்றால், அந்த நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். அதாவது தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமோ பக்கத்து வீட்டு வாத்தியாரிடமோ காட்டி, யோசித்து வந்து கையெழுத்துப் போடலாம். "இன்றைக்கே போடாவிட்டால் லோன் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லலாம்.

அந்த ஒரே எண்ணிக்கை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிறு கணக்கு. 'நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி' என்று சொல்லி ஒருவருக்கு ரூ.10,000 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 ரூபாய்தானே, தேவலையே என்று தோன்றும். 12 மாதத்தில் மொத்தம் ரூ.11,200, மாதம் ரூ.933 சொச்சம். ஆனால் முதல் மாதமே அசலிலும் ஒரு பகுதியைத் திருப்பத் தொடங்கிவிடுகிறோம். ஆறு மாதம் போனால் ஏறக்குறைய பாதி அசல் தீர்ந்துவிடும். வட்டி மட்டும் கடைசி மாதம்வரை பத்தாயிரத்துக்கே ஓடுகிறது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்குச் சுமார் 21½ ரூபாய் வட்டி. பரிசீலனைக் கட்டணம் என்று ரூ.200 பிடித்துக்கொண்டு ரூ.9,800 மட்டும் கையில் கொடுத்தால் 25-ஐத் தாண்டும். சொன்னது 12, வாங்குவது 25. இதில் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. நமக்குக் கணக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

தண்டல்காரர் கணக்கைச் சொல்லவும் வேண்டுமோ? ரூ.10,000 என்று எழுதி, ரூ.1,500 பிடித்து, ரூ.8,500 கொடுத்து, தினம் ரூ.100 வீதம் நூறு நாள் வாங்கினால், அது ஆண்டுக்கு நூற்றுக்குக் கிட்டத்தட்ட 120 ரூபாய் வட்டி.

சட்டம் கடன்காரருக்குக் கை கொடுப்பது இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்த 1938-ல், ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசலும் வட்டியுமாக அசலைப் போல் இரு மடங்கு கட்டியிருந்தால் அந்த விவசாயியின் கடன் தீர்ந்தது என்றது அச்சட்டம். 2010-ல், சிறுகடன் கம்பெனிகளின் வசூல் கெடுபிடியால் பலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்த பின், ஆந்திர அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. கம்பெனிகள் பதிவு செய்ய வேண்டும், வட்டி அசலுக்கு மேல் போகக் கூடாது, வார வசூல் கூடாது என்றெல்லாம் விதித்தது. மறு ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று.

அதன் பலன் இரு விதமாக இருந்தது. கெடுபிடி நின்றது; கூடவே வசூலும் நின்றது, புதுக் கடனும் நின்றது. அவசரத்துக்குப் பணம் தேடியவர்கள் மறுபடி உள்ளூர் வட்டிக்காரர் வாசலுக்கே போக நேர்ந்தது. பிறகு 2022 மே மாதம், ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளை மாநில வட்டித் தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தாது என்று கேரளக் கம்பெனி ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி 2023-ல் தெலங்கானா ஐகோர்ட்டும், இந்த 2011 சட்டம் அத்தகைய கம்பெனிகளுக்குப் பொருந்தாது என்றது. ஆகவே பதிவு பெற்ற கம்பெனியிடம் கடன் வாங்கியவருக்கு இன்று முக்கியப் பாதுகாப்பு ரிசர்வ் வங்கியின் விதிகளே.

எல்லையோரத்தில் இருக்கும் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் பள்ளிப்பட்டோடு நின்றுவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் கொடுத்து, இந்தப் பக்கமே வசூலிக்கும் கடனுக்கு அதைக் காட்டிப் பயனில்லை. ரிசர்வ் வங்கியின் விதிக்கோ இரு பக்கமும் ஒன்றுதான்.

அவ்விதிகளில் இன்னும் சில நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டியவை. ஆண்டுக்கு ரூ.3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுக்கும் சிறுகடனுக்கு 2022-ல் வந்த விதிப்படி, எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கூடாது. நகைக் கடனுக்கு 2025 ஜூனில் வந்த விதிப்படி, கடன் வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலும் விவரங்களைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கம்பெனி ஊழியரல்லாத ஒரு சாட்சியின் முன் நிபந்தனைகளை விளக்க வேண்டும். கடன் தீர்ந்து ஏழு வேலை நாட்களுக்குள் நகை திரும்பி வராவிட்டால், தவறு கம்பெனியுடையதானால், நாளொன்றுக்கு ரூ.5,000 நஷ்டஈடு தர வேண்டும்.

கோர்ட் ஜப்தி என்று மிரட்டுவோர் உண்டு. அதற்கும் வரம்பு இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது என்கிறது. தாலியைத் தொடும் அதிகாரம் கோர்ட் அமீனாவுக்கே இல்லாதபோது வசூல் ஏஜண்டுக்கு எங்கிருந்து வரும்? தொழிலாளர் கூலிக்கும் விலக்கு உண்டு. சம்பளக்காரருக்கு முதல் ரூ.1,000-மும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. ரூ.25,000 சம்பளம் என்றால் ரூ.17,000-ஐத் தொட முடியாது.

குமாஸ்தா நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் வருகிறது என்பதால் ஜாமீன் கையெழுத்துக்கு நம்மைத்தான் தேடி வருவார்கள். முகத்தை முறிக்க முடியாமல் போட்டுக் கொடுக்கிறோம். 1872-ம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. எனவே ஜாமீன் கேட்டு வருகிறவரிடம், "அந்த விவரக் குறிப்பைக் கொண்டு வா, படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்வது சிநேகத்துக்கு விரோதமல்ல. அவரையும் அது காப்பாற்றும். எழுதாத புரோநோட்டிலும் வெற்றுச் செக்கிலும் யாருக்காகவும் கையெழுத்து வேண்டாம்.

விதி மீறப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் இந்த விதிகள் எட்டாது என்பது உண்மை. அங்கே மாநில அரசும் போலீசும்தான் கவனிக்க வேண்டும். ஆனால் பதிவு பெற்ற இடத்திலேயே உரிமையைக் கேட்டு வாங்காதவர்களுக்குப் பதிவில்லாத இடத்தில் யார் துணை வருவார்?

தமிழர் மிகுந்த ஊர்களிலுள்ள பாங்குக் கிளைகளும் நிதிக் கம்பெனிகளும் தமிழில் அச்சிட்ட குறிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று மேலதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். இது சலுகை அல்ல, விதி கட்டளையிடுவது. நம்மவர்களின் பங்கும் ஒன்று உண்டு. கேட்காதவருக்குத் தமிழில் அச்சடித்து வைக்க எந்தக் கம்பெனிக்கும் அவசரமில்லை. அடுத்த முறை புள்ளி வைத்த இடத்தைக் காட்டும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் தாளைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பார்கள். ஊரே கேட்டால் அச்சடிப்பார்கள்.