நாலு டன் அடியும் 'அனுபவஸ்தர்' கண்ணும்

"தோட்டா முன்னாடி போகுது, பின்னாடி இருக்கிற போல்ட்டுக்கு என்னய்யா வேலை? சும்மா மூடி மாதிரி!" போன வாரம் மொட்டை மாடி அரட்டையில ஒரு நண்பர் அடிச்சு விட்டார். நான் கணக்கு சொல்ல ஆரம்பிச்சதும், "கணக்கெல்லாம் எதுக்கு, அனுபவம் போதும்"னு முடிச்சுட்டார். அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அதான் இந்தப் பதிவு.

மக்களே, கணக்கு ஒண்ணும் பிரமாதம் இல்ல. அழுத்தம் பெருக்கல் பரப்பளவு, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவத்தோட .30-06 தோட்டாவையே எடுத்துக்குங்க. முதல் உலகப்போர் காலத்துல அதோட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 50,000 பவுண்டு. அடிப்பாக விட்டம் 0.47 அங்குலம். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 8,700 பவுண்டு, அதாவது நாலு டன்! ஒரு ஆண் யானையோட எடை. கூட்டோட உள்விட்டம் கொஞ்சம் கம்மி, பித்தளை விரிஞ்சு சேம்பர் சுவரைப் பிடிச்சுக்கும், அதனால நிஜத்துல கொஞ்சம் குறையும். ஆனா 'ஸ்மூத்தா ஓடும்'னு தோட்டாவுல எண்ணெய் தடவுற மேதாவிங்க அந்தப் பிடிப்பையும் கெடுத்து, மொத்தத்தையும் போல்ட் தலையிலயே கட்டிடுறாங்க.

'தோட்டா பெருசா இருந்தாதான் அடி பெருசு'ன்னு இன்னொரு கட்சி. அதுவும் தப்பு. .45 பிஸ்டல் தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனா அழுத்தம் 21,000. அதனால அடி ஒன்றே முக்கால் டன்னுக்குள்ள அடங்கிடுது.

சரி, அனுபவத்துக்கு வருவோம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கி. போல்ட்டோட லக்குகள் அந்த அடியை வாங்கி ரிசீவர் மேல சாய்க்கும். ரிசீவர் எஃகை உலையில சூடாக்கினவங்க எல்லாம் பழுத்த அனுபவஸ்தர்கள். எஃகோட நிறத்தைக் கண்ணாலயே பார்த்து 'பதம் வந்தாச்சு'ன்னு எடுப்பாங்க. 1917-ல சில ரிசீவர்கள் வெடிச்சுச் சிதறின பிறகுதான் வெப்பமானி வச்சுப் பார்த்தாங்க. பளிச்சுன்னு வெயில் அடிக்கிற நாள்ல அந்தக் கண்ணுக்கு 'சரி'ன்னு பட்ட சூடு, மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் அதிகமாம்! ராணுவ ஆயுத அதிகாரி ஜூலியன் ஹேட்சர் 1947-ல வந்த தன் புத்தகத்துல இதை எழுதி வச்சிருக்கார்.

ஓவரா வெந்த எஃகு வளையாது, கண்ணாடி மாதிரி உடையும். பித்தளைக் கூடு கிழிஞ்சு வாயு உள்ள பாய்ஞ்சா, அது சிதறுறது சுட்டவன் முகத்துக்கு முன்னாடி. பிறகு பதம் போடுற முறையையே மாத்தினாங்க. சுமார் 8,00,000-க்குக் கீழ எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவர்களை இன்னிக்கும் விவரம் தெரிஞ்சவங்க சுட வேண்டாம்னுதான் சொல்றாங்க.

அனுபவத்தை நான் கேலி பண்ணல. அந்தத் தொழிலாளிங்க திறமைசாலிகள்தான். ஆனா அளந்து பார்க்காத அனுபவம் வெயிலுக்கு ஒரு பேச்சு, மேகத்துக்கு ஒரு பேச்சு பேசும். நாலு டன் அடிக்கு மட்டும் வானிலை தெரியாது. கண் போனது உலைக்காரனுக்கு இல்ல, சுட்ட சிப்பாய்க்கு.

டிஸ்கி: நான் வாழ்க்கையில தொட்ட ஒரே துப்பாக்கி என்.சி.சி. .22 தான். அதனால என்ன, பெருக்கல் வாய்ப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதானே! கணக்கு தப்புன்னா காட்டுங்க, திருத்திக்கிறேன். 'அனுபவம்'னு மட்டும் ஆரம்பிக்காதீங்க சாமி.