வெண்பா பாடத் தெரியாத பிள்ளைகள்

பாரதியின் இளமையைப் பற்றி நெல்லைச் சீமையில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. பதினோரு வயதில் 'பாரதி' பட்டம் பெற்ற சிறுவனை, மூத்தவரான காந்திமதிநாதன் சீண்டுகிறார். தான் வெறும் சிறுபயல் என்று தானே ஒப்புக்கொள்ளும் ஈற்றடியைத் தந்து வெண்பா பாடச் சொல்கிறார். பையனோ தன் பெயரைப் 'பார், அதி' என்று பிரித்து, இழிவைக் கேட்டவர் மீதே திருப்பிவிடுகிறான். சுற்றியிருந்தோர் சிரிக்கிறார்கள்.

இதை நாம் வெற்றிக் கதையாகவே சொல்லி வருகிறோம். தலைகுனிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியதே தவிர மறையவில்லை. மூத்தவரின் முகவாட்டம் கண்டு, பையன் உடனே தன்னைத் தாழ்த்தி மீண்டும் பாடினான் என்றும் சொல்வதுண்டு. நமக்கு உவப்பானது அந்த வடிவம்தான். கூனிக் குறுகியவனுக்கே பிறர் குறுகுவது தெரியும்.

1894 முதல் 1897 வரை அவர் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். அதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவரோ 1910இல், இருபத்தேழு வயதில், 'கனவு' என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் அப்படிப்பைக் கசந்தே நினைவுகூர்கிறார். ஒத்த வயதுச் சிறுவர் ஆடிக் களிக்க, தந்தைக்கு அஞ்சித் தோழமையின்றி ஒதுங்கியிருந்த வருத்தமும் அதில் உண்டு. வளர்ந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் ஆறுதல், பாரதியின் வாழ்விலேயே பொய்த்திருக்கிறது.

அவருக்குக் கவிதையாவது இருந்தது. மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2023 ஆகஸ்டில், இதே மாவட்டத்து நாங்குநேரியில், உடன்படித்தவர்களின் சாதிய இழிவைத் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான் ஒரு தலித் மாணவன். ஆசிரியர்களிடம் அதைச் சொன்னதற்காக அவனும், தடுக்க வந்த தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகளை 2024இல் அளித்தது. அவை வேண்டியவையே. ஆனால் கயிற்றை அவிழ்த்த பிறகும் சிரிப்பு எஞ்சியிருக்கும்.

வெண்பாக் கதையில் பிழை அங்கேதான் இருக்கிறது. அவமானத்தை வெல்லும் பொறுப்பு முழுவதையும் அவமானப்பட்ட பிள்ளையின் சாமர்த்தியத்திடமே அது ஒப்படைத்துவிடுகிறது. சுற்றி நின்று சிரித்தவர்களை எவரும் கேள்வி கேட்பதில்லை. பள்ளி நாட்களை எண்ணிப் பார்த்தால், நம்மில் பெரும்பாலோர் நின்றிருந்த இடம் அதுதான். வயதேற ஏற நம்மை உறுத்த வேண்டியது, நாம் பட்ட அவமானம் மட்டுமன்று; அன்று நாம் சிரித்த சிரிப்பும்தான்.