ஆடிட்டருக்குச் சம்பளம் யார் தருவது?

2019 செப்டம்பரில் பி.எம்.சி. வங்கியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? மும்பையில் எங்கள் குடியிருப்பில் இரண்டு தமிழ்க் குடும்பங்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. நான் வங்கிக்காரன் என்பதால் கீழ்வீட்டு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, வருஷா வருஷம் ஆடிட், இன்ஸ்பெக்ஷன்னு வந்தாங்களே, அவங்களுக்கு எல்லாம் யார் சம்பளம் கொடுக்கறா?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் சரியான கேள்வி.

செபி, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாம் தாங்கள் மேய்க்கும் நிறுவனங்களிடமே கட்டணம் வாங்குகின்றன. ரிசர்வ் வங்கி ஆய்வுக்கென்று வங்கிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. தன் வருமானத்திலிருந்தே செலவு செய்கிறது. மிச்சம் அரசுக்குப் போகும் (2024-25க்கு 2.69 லட்சம் கோடி!). அதாவது ஆய்வுச் செலவு மறைமுகமாக நம் தலையில்தான்.

ஆனால் அந்த அதிகாரிகள் எப்போதாவதுதான் வருவார்கள். மாதாமாதம் கிளையில் உட்கார்ந்து வவுச்சர் புரட்டுபவர் கன்கரன்ட் ஆடிட்டர். அவரை நியமிப்பது வங்கி, பில்லைப் பாஸ் செய்வதும் வங்கி.

நான் மேலாளராக இருந்த ஒரு கிளையில் இளம் ஆடிட்டர் ஒருவர் வந்தார். பெரிய கேஷ் கிரெடிட் கணக்கு ஒன்றில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் குடோன் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். மண்டல அலுவலகத்திலிருந்து போன். அடுத்த மாத அறிக்கையில் அது 'சரிசெய்யப்பட்டது' ஆகிவிட்டது. அந்த மார்ச்சில் அவருக்குப் புதுப்பித்தல் இருந்தது, பாவம். கீழே கையெழுத்துப் போட்டது நான். இரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கு வாராக்கடன்.

அப்படியென்றால் வங்கியிடம் காசே வாங்கக்கூடாதா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஓ.சி.சி., சொத்தின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. மதிப்பீட்டில் மோசமான வங்கிக்குக் கூடுதல் கட்டணம். நல்ல முறைதான். ஆனால் வங்கி தன் கண்காணிப்பாளரை மாற்றிக்கொள்ளலாம் என்பதில்தான் வில்லங்கம். 2007-இல் கன்ட்ரிவைட் ஓ.சி.சி.யை விட்டு ஓ.டி.எஸ். பக்கம் போனது. அதுவும் கட்டணத்தில் வாழ்ந்த அமைப்பு, வந்த வாடிக்கையாளரை விடுமா? அதன் கண்காணிப்பில் இருந்த இன்டிமேக், வாஷிங்டன் மியூச்சுவல் இரண்டும் 2008-இல் விழுந்தன. 2011-இல் ஓ.டி.எஸ்.ஸையே மூடிவிட்டார்கள்.

நம் ஊரில் ரிசர்வ் வங்கியை மாற்ற முடியாது. ஆடிட்டரை மாற்றலாம்!

அதனால் என் கட்சி இது: செலவை வங்கிகளே தரட்டும், அளவையும் அபாயத்தையும் பார்த்து. ஆனால் பணம் ரிசர்வ் வங்கியிடம் பொதுவில் சேரட்டும். எந்தக் கிளைக்கு எந்த ஆடிட்டர், என்ன சம்பளம், அடுத்த வருஷம் உண்டா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். வங்கி அதைச் சர்வீஸ் சார்ஜாக நம் தலையில் கட்டும் என்பீர்கள். டெபாசிட் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை வங்கிதானே கட்டுகிறது, வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறதே? அதே விதியை இதற்கும் போடலாம். சின்னக் கூட்டுறவு வங்கிகளுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி தன் கையிலிருந்து கொஞ்சம் போடவேண்டியிருக்கும்.

படிப்பவர்களில் ஆடிட்டர்கள் இருந்தால், இது எங்கே இடிக்கும் என்று எழுதுங்கள்.