வண்டிக்கு நம்பர் இருக்கிறது, முதலாளிக்கு முகவரி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் காணை வீட்டுக்கு வந்தான். கையில் வக்கீல் கொடுத்த ஒரு நகல். "டீச்சர், நோட்டீஸ் திரும்பி வந்துடுச்சாம். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றான். நாகாலாந்து, திமாப்பூர் முகவரிக்குப் போன தபால். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் விக்கிரவாண்டி பக்கம் இரவில் அவன் தம்பியின் இருசக்கர வண்டி மீது ஒரு ஆம்னி பஸ் மோதியது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தம்பியும் என்னிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தான். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருகிற பிள்ளை.

அந்த பஸ் தினமும் சென்னைக்கும் தெற்கே ஒரு ஊருக்கும் போய் வந்த பஸ். ஓட்டுநர் தமிழர், பயணிகள் தமிழர், டிக்கெட் விற்றதும் இங்கேதான். நம்பர் பலகை மட்டும் நாகாலாந்து. இன்சூரன்ஸ் கம்பெனியோ பர்மிட் நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, நாங்கள் பொறுப்பல்ல என்று வாதாடுகிறதாம். முதலாளி யார் என்றே தெரியவில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவு என்ன சொல்கிறது? உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அந்த மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும். 47ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு வாங்க வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தள்ளிப் பதிவான வண்டி, ஒரு நாள்கூட அந்த ஊரைப் பார்க்காமல், நம் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2024 ஜூன் மாதம் நடந்தது நினைவிருக்கும். வெளிமாநிலப் பதிவோடு இங்கே ஓடும் 547 ஆம்னி பஸ்களை இனி அனுமதிக்க முடியாது என்று நம் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அகில இந்திய சுற்றுலா பர்மிட் வாங்கிக்கொண்டு ரூட் பஸ் போல ஓட்டுகிறார்கள், மாநிலத்துக்கு வரி இழப்பு என்றார்கள். சில இடங்களில் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். குழந்தையும் மூட்டையுமாக ரோட்டில் நின்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

2025 நவம்பரில் கேரளத்தில் நம் ஊர் பஸ்களைப் பிடித்து அபராதம் போட்டார்கள். நம் முதலாளிகள் அந்தப் பக்கம் போகும் சேவையையே நிறுத்தினார்கள். நாம் ஒரு பக்கம் தடுத்தால் அவர்கள் மறுபக்கம் தடுக்கிறார்கள். நடுவில் நிற்பது சபரிமலைக்குப் போகிற ஜனங்கள்.

என் மாணவர்களில் ஆம்னி பஸ் ஓட்டுநர்கள் இருக்கிறீர்கள். ஒருவன் போனில் சொன்னான்: "டீச்சர், இங்க வரி ஜாஸ்தி. 2023 புது விதிப்படி டெல்லிக்குப் பணம் கட்டி நாடு முழுக்க ஓட்டலாம்னு பர்மிட் வாங்கியாச்சு. அப்புறம் இங்க தனியா எதுக்குக் கட்டணும்?" அவன் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வரிச் சண்டையை அரசுகள் பேசித் தீர்க்கட்டும். எல்லை என்றால் என்ன என்று விழுப்புரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுவைக்கு பஸ் ஏறினால் மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. 1954 வரை அது பிரெஞ்சுக்காரன் எல்லை. இன்று அந்தச் சாலையில் யாரும் யாரையும் நிறுத்த வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

நான் கேட்பது வரி இல்லை. முகவரி.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்தோம்? வெளியூர்ப் பிள்ளை வந்தால் விரட்டினோமா? டி.சி. வாங்கிச் சேர்த்துக்கொண்டோம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளூரில் ஒரு பாதுகாவலர் பெயரை எழுதினோம். தாத்தாவோ, சித்தியோ. பிள்ளை கீழே விழுந்து மண்டை உடைந்தால் கூப்பிட ஒரு ஆள் வேண்டுமே!

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வரும் லாரிகளை அவன் தினமும் பார்க்கிறவன். அங்கே வண்டிக்கு நம்பர் இருந்தால் மட்டும் போதாதாம். லாரிக் கம்பெனியே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்து தனி எண் வாங்க வேண்டும். அந்த எண்ணையும் கம்பெனி பெயரையும் வண்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு: வண்டி ஓடும் ஒவ்வொரு மாநிலத்திலும், நீதிமன்றத் தபாலை வாங்கிக்கொள்ள ஒரு பிரதிநிதியைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அடுத்த நாட்டுக் கம்பெனிக்கே அங்கே உள்ளூர் ஆள் உண்டு. ஒரே நாட்டுக்குள் ஓடும் நம் பஸ்ஸுக்கு இல்லை.

நம் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விபத்தில் அடிபட்டவர் தான் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். என் மாணவன் விழுப்புரத்தில் மனுப் போட்டது அப்படித்தான். ஆனால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேராவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன்?

எந்த மாநில நம்பராக இருந்தாலும் ஓடட்டும். தமிழ்நாட்டில் டிக்கெட் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் இங்கே ஒரு பொறுப்பாளரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும். அதை பஸ்ஸிலும் டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும். அந்த முகவரிக்குப் போன நோட்டீஸ் முதலாளிக்கே போனதாகக் கொள்ள வேண்டும். அரசுக்கு இதில் பெரிய செலவு இல்லை. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் நஷ்டம் இல்லை.

உங்களில் பஸ், லாரி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வண்டியில் உங்கள் பெயரையும் ஊரையும் இன்றே எழுதுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஏறுமுன் பஸ் நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

அந்தத் தம்பி இப்போது கட்டைக்கால் வைத்துக்கொண்டு டீக்கடையில் கல்லாவில் உட்காருகிறான். அந்த வழியாகப் போனால் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். வழக்கறிஞராக இருக்கும் என் பிள்ளைகள் யாராவது அவன் கட்டை ஒருமுறை பார்த்து உதவினால் இந்த டீச்சர் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், காணை