கடைசி ஆட்டத்தை வைத்து மேனேஜரை எடைபோடலாமா?

2017 அக்டோபர் 12 இரவு. வாஷிங்டனில் ஐந்து ஆட்டத் தொடரின் கடைசி பேஸ்பால் ஆட்டம். சிகாகோ கப்ஸை 4-3 என முந்திக்கொண்டிருந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, ஐந்தாவது இன்னிங்ஸில் மாக்ஸ் ஷெர்சரை இறக்கியது. அந்த ஆண்டு நேஷனல் லீகின் சிறந்த பிட்சர் விருதை வாங்கப்போகிறவர் அவர். முதல் இரண்டு பேரை வந்த வேகத்தில் வெளியேற்றினார். அந்த இன்னிங்ஸ் முடிய இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி.

அந்த ஒரு அவுட் வருவதற்குள் எல்லாம் தலைகீழானது. அடுத்தடுத்து இரண்டு சாதாரண அடிகள், பிறகு ஒரு டபிள் (இரண்டு பேஸ் ஓடும் அடி), கப்ஸ் முந்தியது. ஹாவியர் பாயெஸ் மட்டையைச் சுழற்றி ஸ்டிரைக் அவுட் ஆனார். ஆனால் பந்து கேட்சர் மாட் வீட்டர்ஸின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டது. கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் ஓடலாம் என்பது விதி, பாயெஸ் ஓடினார். துரத்திப் பிடித்த வீட்டர்ஸ் முதல் பேஸுக்கு எறிந்த பந்து வலப்புற மைதானத்துக்குப் போனது. இன்னொரு ரன். அடுத்த பேட்டரின் மட்டையை வீட்டர்ஸின் கையுறை தடுத்ததால் அவருக்கு இலவசமாக ஒரு பேஸ். அதற்கடுத்தவர் மேல் பந்து பட்டது, மறுபடியும் ஒரு ரன். பாயெஸின் மட்டை கேட்சரின் முகக்கவசத்தில் பட்டபோதே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் தனிக்கதை. நேஷனல்ஸ் 8-9 எனத் தோற்றது.

எட்டு நாள் கழித்து, மேனேஜர் டஸ்டி பேக்கருடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. இரண்டு பருவங்களில் 95 வெற்றி, 97 வெற்றி, இரண்டு முறையும் பிரிவில் முதலிடம். அப்படிப்பட்ட மனிதரை அனுப்பியது தவறு. பின்னால் அந்த அணி கோப்பை வாங்கியது என்பதால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

மேனேஜர் என்றால் இங்கே பலருக்கும் அணியின் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர்தான் நினைவுக்கு வருவார். பேஸ்பாலில் அவர் வேறு ரகம். கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் நின்று செய்வதை இவர் ஓரத்து டக்-அவுட்டில் இருந்து செய்கிறார்: யார் எந்த வரிசையில் ஆடுவது, பிட்சரை எப்போது மாற்றுவது, யாருக்குப் பதில் யாரை அனுப்புவது. ஆட்டக்காரர்களைப் போலவே அணியின் சீருடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் யாரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் ஜெனரல் மேனேஜரின் கையில். இப்போது தரவுகளை அலசும் தனிப் பிரிவும் வந்துவிட்டது. ஆட்ட வரிசையில்கூட அதன் கை இருக்கிறது. ஆக மேனேஜரின் அதிகாரம் சுருங்கிக்கொண்டே போகிறது, தோற்றால் உருளும் தலை மட்டும் அவருடையதாகவே இருக்கிறது.

வழக்கமான பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மிகச் சிறந்த அணியும் அதில் பெரும்பாலும் ஐம்பது அறுபது ஆட்டங்களில் தோற்கும். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்றது. கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரைகூடப் போக முடியவில்லை. ஆறு மாத உழைப்பை ஒதுக்கிவிட்டு ஐந்து ஆட்டத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவது, சூதாட்டத்தில் தோற்றவனைக் கணக்குத் தெரியாதவன் என்று சொல்வதுபோலத்தான்.

பேக்கரின் இடத்துக்கு டேவ் மார்ட்டினெஸ் வந்தார். முதல் பருவம் 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குள் இடமில்லை. 2019 மே 23 அன்று கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. அவரை அனுப்பச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. இம்முறை நிர்வாகம் பொறுத்தது. காயத்தில் கிடந்தவர்கள் திரும்ப, அணி 93 வெற்றியோடு பருவத்தை முடித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

அந்த அக்டோபர் 1 அன்று ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா. மில்வாக்கி 3-1 என முன்னிலை, எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். ஹுவான் சோட்டோ அடித்த பந்து வலப்புறத்தில் நின்ற இளம் ஆட்டக்காரரின் கையுறைக்கு அகப்படாமல் தாண்டிப் போனது. மூன்று ரன். நேஷனல்ஸ் 4-3 என வென்றது. 2017இல் வீட்டர்ஸின் கால்களுக்கு நடுவே ஓடிய பந்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்றும் உண்டு. அந்த இரவு மார்ட்டினெஸ், வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை நடுவில் இறக்கினார். அவர் மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். பேக்கர் ஷெர்சரை வைத்துச் செய்ததும் இதே உத்திதான். அது தோற்றதால் பிழையானது, இது ஜெயித்ததால் துணிச்சலானது. அந்த ஆண்டு உலகத் தொடரையும் நேஷனல்ஸே வென்றது.

அந்தக் கோப்பைக்குப் போகும் வழியில், அடுத்த சுற்றில் எதிரில் நின்றது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 106 வெற்றி பெற்ற அணி. கடைசி ஆட்டத்தில் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ், களைத்திருக்கக்கூடிய கிளேட்டன் கெர்ஷாவை எட்டாவது இன்னிங்ஸிலும் வீசவிட்டார். அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் இரண்டு ஹோம் ரன். பத்தாவது இன்னிங்ஸில் ஹோவி கெண்ட்ரிக்கின் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்க அடித்த ஹோம் ரன்) கதையை முடித்தது. ராபர்ட்ஸை விரட்டச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். 2022இல் 111 வெற்றிக்குப் பிறகு சான் டியேகோவிடமும், 2023இல் 100 வெற்றிக்குப் பிறகு அரிசோனாவிடமும் தோற்றபோதும் அதே கூச்சல். டாட்ஜர்ஸ் அசையவில்லை. 2020, 2024, 2025 என மூன்று உலகத் தொடர்கள் அவர் பொறுப்பில் வந்தன.

அப்படியானால் எந்த மேனேஜரையும் அனுப்பவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. 2003இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் செய்தது சரிதான். அக்டோபர் 16 அன்று நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என முன்னிலையில் இருந்தது. யாங்கீஸ் ஒரு ரன் எடுத்ததும் மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்துபோய் பெட்ரோ மார்ட்டினெஸிடம் பேசிவிட்டு, அவரை மாற்றாமலேயே திரும்பினார். பெட்ரோ அதற்குள் 115 பந்துகள் வீசியிருந்தார். அடுத்த இரண்டு டபிள்களில் 5-5. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன் பாஸ்டனின் பருவத்தை முடித்தது. (அதே பூன் 2018 முதல் யாங்கீஸின் மேனேஜர், இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும் அவர் தலைக்குத்தான் குறி.)

95 வெற்றி தந்த லிட்டிலின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பார்வைக்கு இதுவும் ஒரே இரவுக்கான தண்டனைதான். ஆனால் நூறு பந்துகளைத் தாண்டினால் பெட்ரோவின் வீச்சு மங்கும் என்பது அணியின் அலுவலகத்துக்கு எண்களாகவே தெரிந்த விஷயம். அந்த எண்களைவிடத் தன் கண்ணையும் ஆட்டக்காரரின் வாய்வார்த்தையையும் நம்புவது லிட்டிலின் வழக்கம். நிர்வாகம் போக நினைத்த பாதை வேறு, அவர் போன பாதை வேறு. அந்த இரவு அதை ஊரறியக் காட்டியது. அவருக்குப் பின் வந்த டெர்ரி ஃபிராங்கோனா, பிலடெல்பியாவில் நான்கு பருவமும் தோல்விக் கணக்கோடு வேலையிழந்தவர். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அவரை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். 2004இல் பாஸ்டனுக்கு 1918க்குப் பிறகான முதல் கோப்பையை வாங்கித் தந்தார். யாங்கீஸிடம் தொடரில் 0-3 எனப் பின்தங்கியிருந்தபோது, பந்து வீசும் கணத்தில் ஓடி அடுத்த பேஸைத் திருடி மீட்சியைத் தொடங்கிவைத்தவர், பிற்பாடு டாட்ஜர்ஸ் மேனேஜரான இதே டேவ் ராபர்ட்ஸ்.

உரிமையாளர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. பிளேஆஃப் தொடங்குமுன், செப்டம்பர் கடைசியிலேயே, மேனேஜரை வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்துவிடலாம். இளையவர்கள் தேறினார்களா, காயம்பட்ட காலத்தில் அணி தாக்குப்பிடித்ததா, அலுவலகத்தோடு ஒத்துப்போனாரா என்பதற்கெல்லாம் அதற்குள் விடை கிடைத்திருக்கும். நேஷனல்ஸோ பேக்கரின் ஒப்பந்தத்தைப் பருவ முடிவுவரை அந்தரத்தில் விட்டுவைத்து, நெஞ்சு எரிந்துகொண்டிருந்த வாரத்தில் முடிவெடுத்தது. அந்த பேக்கர் 2022இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோடு உலகத் தொடரை வென்றபோது அவருக்கு வயது 73. அந்த வயதில் வேறெந்த மேனேஜரும் அதை வென்றதில்லை.

கோப்பை வாங்கித் தந்த மார்ட்டினெஸுக்கு அதன்பிறகு ஒரு பருவம்கூட வெற்றிக் கணக்கில் முடியவில்லை. 2021இல் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும், 2022இல் சோட்டோவையும் அணி விற்றுவிட்டது. 2022இல் 107 தோல்வி. 2025 ஜூலையில் மார்ட்டினெஸை நீக்கியபோது, ஆட்களை வாங்கி விற்ற ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோவையும் அதே நாளில் நீக்கினார்கள். 2017இல் பேக்கர் மட்டும் தனியாகப் போனார்.