பட்டனுக்குப் பொதுப் பெயர் வேண்டும்

ஒரகடத்தில் தயாராகும் நிசான் காரின் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் இருந்தால், ஸ்கேனர் காட்டும் குறியீடு பி0301. அதே ஆலையில் தயாராகும் ரெனோ காரிலும் அதேதான். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினாலும், மெக்கானிக் அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் கழற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை டிவி தயாரிக்கிறது. டிவியுடன் வரும் ரிமோட்டுக்கோ இப்படியொரு பொது ஒழுங்கு கிடையாது.

ரிமோட் அனுப்புவது வெறும் எண். பெரும்பாலான ரிமோட்டுகளில் அது விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பு ஒளியில் ஏறி வருகிறது. பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஆர்.சி.-5 முறையில் எண்ணுக்குப் பொருளும் சேர்த்தே தரப்பட்டது: 16 என்றால் ஒலியைக் கூட்டு, 17 என்றால் குறை, 13 என்றால் ஒலியை நிறுத்து. பின்னர் பரவலான என்.இ.சி. முறை எண்ணை அனுப்பும் விதத்தை மட்டுமே வகுத்தது. எந்தப் பட்டனுக்கு எந்த எண் என்பது அவரவர் இஷ்டம்.

இந்தக் குழப்பத்தின் சுமை கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் தலையில் விழுந்தது. லினக்ஸில் ரிமோட்டை இயக்கும் ‘லிர்க்’ திட்டத்துக்காக, உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு ரிமோட்டை ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பதிவு செய்தார்கள். ஒருவர் ‘வால்+’ என்று எழுதினார். இன்னொருவர் ‘வால்யூம்_அப்’ என்றார். வேலை ஒன்று, பெயர் பல. கோடி என்னும் மீடியா மென்பொருள், இந்தப் பெயர்களையெல்லாம் தன் கட்டளைகளோடு பொருத்துவதற்கென்றே தனிக் கோப்பு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பெயர்ப் பட்டியலையே லிர்க் பொதுவாக ஏற்றது. அதில் ‘கீ_வால்யூம்அப்’ என்ற பெயருக்கு எண் 115. நல்ல முடிவுதான், ஆனால் இடறல்கள் தீரவில்லை. ரிமோட்டின் ‘ஓகே’ பட்டனுக்குப் பட்டியலில் உள்ள எண் 352. லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் திரையைக் கவனித்த எக்ஸ் விண்டோ முறையோ 255-க்கு மேல் எண்ணாது. ‘ஓகே’ அழுத்தினால் ஒன்றும் நடக்காததால், கோப்பில் ‘என்டர்’ என்று எழுதிச் சமாளிக்கும் வழக்கம் வந்தது. ஒழுங்கு உடைவது இப்படித்தான். எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பொதுப் பெயர் வந்தால் புதுமை முடங்கும் என்பார் உண்டு. கார்த் துறை இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. பி0 என்று தொடங்கும் குறியீடுகள் எல்லோருக்கும் பொது. பி1 என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. ரிமோட்டிலும் எண்கள், ஒலி, சேனல், மெனு, ஓகே ஆகியவை பொதுவாகட்டும். தனிச் செயலிக்கான பட்டனை நிறுவனம் தன் முன்னொட்டோடு வைத்துக்கொள்ளட்டும். ஏசி ரிமோட் மட்டும் வேறு ரகம். ஒரு பட்டனைத் தொட்டாலும் வெப்பநிலை, விசிறி வேகம் உட்பட மொத்த நிலையையும் அது அனுப்புவதால், அதற்குத் தனி விதி தேவை.

முதல் அடியை அரசு வைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-இல் இலவச செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. இனி வாங்கும் ஒவ்வொரு பாக்ஸின் டெண்டரிலும் ஒரு நிபந்தனை சேரட்டும்: ரிமோட்டின் முழு எண் பட்டியலை, கெர்னலின் பெயர்களோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் தயாரிப்பு நிறுவனம் வெளியிட வேண்டும். தயாரிப்பாளரிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதல் செலவு என்று சொல்ல இடமில்லை. யூ.எஸ்.பி. டைப்-சி சார்ஜருக்கும், சாட்டிலைட் டியூனர் உள்ள டிவிக்கும் தரநிலை வெளியிட்ட இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதையும் கையில் எடுக்கலாம். பழைய லிர்க் கோப்புகளைப் புதிய பெயர்களுக்கு மாற்றும் பணியை, ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தொழில்தடத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகள் மாணவர் ப்ராஜெக்ட்டாக இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.