மின்சாரம் கால் கொடுக்குமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததை இத்தாலிய அறிஞர் கால்வானி 1791-இல் எழுதி வெளியிட்டார். அன்று தொட்டு, அசையாத உடலை மின்சாரத்தால் அசைத்துவிடலாம் என்னும் ஆசை மனிதனை விட்டபாடில்லை. தண்டுவடம் முறிந்தவர்கள் மின்சாரத்தால் நடக்கிறார்கள் என்ற செய்தியை இன்று நாளேடுகளில் காண்கிறோம். இதை எவ்வளவு நம்பலாம்? நம்பி, நாம் என்ன செய்ய வேண்டும்? என் அறிவுக்கு எட்டிய விடையைக் கூற முற்படுகிறேன்.

எங்கள் ஊர் பனையேறும் ஊர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே விடுமுறைக்குச் சென்றால், "கரண்டு வச்சா எந்திரிச்சு நடந்துரலாமாமே! நீ படிக்கிற பிள்ளதானே, சொல்லுய்யா" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அரைகுறை விடை சொல்லலாகாது.

மூளையின் கட்டளை தண்டுவடத்தின் வழியே காலுக்கு இறங்குகிறது. காயம்பட்ட இடத்தில் அவ்வழி தடைப்படுகிறது. ஆயினும் அதற்குக் கீழுள்ள தண்டுவடம் செத்துவிடுவதில்லை. கால்களை மாறி மாறி இயக்கும் நரம்புப் பின்னல் அங்கேயே இருக்கிறது. 1911-இல் கிரகாம் பிரவுன் என்பவர் பூனைகளைக் கொண்டு இதைக் காட்டினார். மேலும், முற்றிலும் அறுந்ததாகத் தோன்றும் பலரது தண்டுவடத்திலும் சில இழைகள் எஞ்சியுள்ளன. தண்டுவட உறையின்மேல் மின்முனைகளைப் பதித்துச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால், உறங்கிக் கிடக்கும் பின்னல் விழித்து, அவ்விழைகளில் வரும் மெலிந்த கட்டளைக்கும் செவிசாய்க்கிறது. தவளையின் காலை மின்சாரமே உதைக்க வைத்தது. இங்கோ நடக்க எண்ணுபவன் மனிதன். மின்சாரம் துணை மட்டுமே.

2018-இல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தார் நால்வருக்கு இம்முறையைச் செய்தனர். இருவர் தரையில் நடந்தனர். ஒருவருக்கு 85 வாரங்களில் 278 முறை பயிற்சி. மற்றவருக்கு 15 வாரங்களில் 81 முறை. கருவி இயங்கி, அவர்களும் நடக்க எண்ணியபோதே கால் பெயர்ந்தது. நால்வரில் ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் மூவரை நடக்கச் செய்தனர். அங்கே பல மாதப் பயிற்சிக்குப்பின், கருவியை நிறுத்திய நிலையிலும் சில அசைவுகள் திரும்பின.

ஆக, செய்தி பொய்யன்று. ஆனால் தலைப்பில் மின்சாரம் இருக்கிறது. அந்த 278 இல்லை! அத்தனை முறையும் தாங்கிப் பிடித்த கைகளும் இல்லை. மின்சாரம் கதவைத் திறக்கிறது. நடக்க வைப்பது பயிற்சியே என்பது என் கருத்து.

அப்படியானால் நம் ஊரில் விழுந்தவருக்கு இன்று வேண்டுவது என்ன? படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர் உயிரைக் குடிக்காமல் காப்பது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. கருவி நாளை நம்மிடமும் வரலாம். வரும்போது அதை ஏற்க உடல் உரத்தோடு இருக்க வேண்டாமா?

நடந்தால்தான் வாழ்வு என்பதும் இல்லை. 1954-இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக உழைத்தார்.

2016-ஆம் ஆண்டின் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியுள்ளது. இடம் உண்டு, ஆனால் நம் நூலகத்துக்கு ஏற ஒன்பது படிகள் உள்ளன. பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட லோசான் வரை போக வேண்டியதில்லை. சிமெண்டும் மணலும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் உழைப்பும் போதாவா? பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.